ஷிப்ட் கிழங்கு

"அந்தக் காலத்துல எல்லாரும் ஒண்ணா உக்காந்து சாப்பிட்டோம். இப்பதான் ஆளுக்கொரு நேரம்" என்று குடும்பம் கூடும் நாட்களில் யாராவது ஒருவர் சொல்வார். காதுகுத்து, வளைகாப்பு, ஆடிக் கூழ் என்று விசேஷம் எதுவானாலும் இந்தப் பேச்சு மட்டும் மாறுவதில்லை. கேட்பவர்களும் தலையாட்டுவார்கள். எனக்குத் தலையாட்ட மனம் வருவதில்லை. எங்கள் அம்பத்தூர் வீட்டில் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்ட விசேஷம் ஒன்றுகூட என் நினைவில் இல்லை. ஊரின் பிழைப்பு அப்படி இருந்தது.

அப்பாவுக்கு சைக்கிள் கம்பெனியில் வேலை. 1949-ல் அம்பத்தூரில் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் அது. பெரியப்பாவுக்கு ஆவடி டாங்கி ஃபாக்டரி. 1965 டிசம்பரில் முதல் விஜயந்தா டாங்கி அங்கிருந்து வெளியே வந்த காலத்தில் அவர் புதிதாகச் சேர்ந்த இளைஞர். சித்தப்பா பாடி பக்கம் ஒரு மோட்டார் உதிரிபாகக் கம்பெனியில் இருந்தார். பூந்தமல்லியில் கரையான்சாவடிப் பக்கம் கட்டிக்கொடுத்த அத்தையின் கணவருக்கு, 1964-ல் வந்த அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் வேலை. 1955 ஜனவரியில் ஆவடியில் காங்கிரஸ் மாநாடு கூடி சோஷலிச பாணி சமுதாயம் என்று தீர்மானம் போட்டபோது சுற்றிலும் ஏரியும் வயலுமாக இருந்த இடம் இது. பத்துப் பதினைந்து வருஷத்துக்குள் கொரட்டூரிலிருந்து பட்டாபிராம் வரை வீட்டுக்கு வீடு ஷிப்ட் கணக்கில் விழித்துத் தூங்கும் ஊராக மாறிவிட்டது.

ஃபர்ஸ்ட் ஷிப்ட் மத்தியானம் இரண்டு மணிக்கு விடும். செகண்ட் ஷிப்ட் ராத்திரி பத்துக்கு விடும். நைட் ஷிப்டுக்குப் போனவர் மறுநாள் காலையில்தான் வருவார். ஓ.டி. இருந்தால் எந்தக் கணக்கும் நிற்காது. ஞாயிற்றுக்கிழமை பார்த்து விசேஷம் வைத்தாலும், லீவு எல்லாருக்கும் ஒரே நாளில் வராது. ஆகவே எங்கள் வீட்டு விருந்து காலை பத்து மணிக்கு ஆரம்பித்தால் அடுத்த நாள் காலை எட்டு மணிக்குத்தான் முடியும். ரயிலை விட்டுவிட்டவர், சைக்கிளில் பஞ்சர் ஒட்டிக்கொண்டு வந்தவர், கேன்டீனில் சாப்பிடாமல் பசியோடு வந்தவர் என்று ஒவ்வொருவராகத் திண்ணையில் செருப்பைக் கழற்றுவார்கள். வந்தவருக்கு அந்த நிமிஷத்தில் சூடாக ஏதாவது தட்டில் விழ வேண்டும். அதுதான் பெரியம்மாவின் சட்டம்.

அந்த ஏதாவது, எப்போதும் உருளைக்கிழங்கு மசால்தான். பூரிக்கு, இட்லிக்கு, வெறும் சோற்றுக்கு, பட்டாபிராமிலிருந்து ராத்திரி பதினோரு மணிக்கு வந்தவருக்கு பன் ரொட்டிக்கு. வீட்டில் அதற்கு 'ஷிப்ட் கிழங்கு' என்றே பெயர். வேறு எந்தக் காயும் இந்த வேலைக்கு ஆகாது. கத்திரிக்காய் இரண்டாவது சூட்டில் குழைந்துபோகும். முட்டைக்கோஸ் வாடை அடிக்கும். கீரையைத் திரும்பச் சூடுபண்ணவே பெரியம்மா விடமாட்டார். கிழங்கு ஒன்றுதான் சூட்டிலேயே கிடந்தாலும் கெட்டுப்போகாமல், மெல்ல மெல்ல மாவை விட்டுக்கொடுத்து, தன்னைச் சுற்றியுள்ள சாற்றைத் தானே கெட்டியாக்கிக்கொள்ளும். காலையில் வைத்த மசாலைவிட ராத்திரி பத்து மணி மசால் ருசி என்று சித்தப்பா சொல்வார். செகண்ட் ஷிப்ட்காரர் என்பதால் சொல்கிறார் என்று நினைத்திருந்தேன். பின்னாளில் நானே ராத்திரி சாப்பிட்டுப் பார்த்தபோது அது உண்மை என்று தெரிந்தது. சோம்பும் இஞ்சியும் கிழங்குக்குள் இறங்க அத்தனை நேரம் வேண்டியிருக்கிறது.

இதையெல்லாம் சாத்தியமாக்கியது மரத்தூள் அடுப்பு. இன்றைக்கு அதைப் பார்த்தவர்கள் குறைவு என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பெரிய எண்ணெய் டின் ஒன்றை எடுத்து, மேல்மூடியை வெட்டி எறிந்துவிட்டு, அடியில் ஒரு பக்கம் ஓட்டை போடுவார்கள். நடுவில் ஒரு கண்ணாடி பாட்டிலைச் செங்குத்தாக நிறுத்தி, பக்கத்து ஓட்டை வழியாக ஒரு தடித்த கம்பை உள்ளே விட்டு பாட்டிலின் அடியைத் தொடுமாறு வைப்பார்கள். பிறகு சுற்றிலும் மரத்தூளைக் கொட்டிக் கொட்டி இறுக்கிக் குத்த வேண்டும். தொழிற்பேட்டையில் இயந்திரங்களை அனுப்ப மரப்பெட்டி அடிக்கும் பட்டறைகள் இருந்தன. அங்கே தூள் சாக்குக் கணக்கில் கிடைத்தது. குத்தி முடித்ததும் பாட்டிலைத் திருகி மேலே உருவ வேண்டும், கம்பைப் பக்கவாட்டில் உருவ வேண்டும். உள்ளே ஒரு குழாய் மாதிரி வழி கிடைத்துவிடும். கீழே கடுதாசியைக் கொளுத்திச் சொருகினால் தீ அந்த வழியில் ஏறி, தூளை உள்ளிருந்து வெளியே மெல்லத் தின்னும். நன்றாகக் குத்திய அடுப்பு கைவைக்காமலே மணிக்கணக்கில் எரியும். சரியாகக் குத்தாவிட்டால் நடுவில் சரிந்து, புகையடித்து, அணைந்துபோகும்.

இந்த அடுப்பில் தீயைக் கூட்டவோ குறைக்கவோ முடியாது. குறைக்க வேண்டுமானால் பாத்திரத்தைத்தான் உயர்த்த வேண்டும். பெரியம்மா அதற்காகச் செங்கல் துண்டுகள் வைத்திருப்பார். கொதிக்க ஒரு உயரம், தளதளவென்று கிடக்க ஒரு உயரம், வெறும் சூடாக இருக்க ஒரு உயரம். பித்தளைக் குண்டானை அவர் தனியாகவே தூக்கி மாற்றுவார். ஈயம் பூசிய அந்தக் குண்டான் கிழங்கோடு என்ன கனம் கனத்திருக்கும் என்று இப்போது நினைத்தாலும் எனக்கு முதுகு வலிக்கிறது.

கிழங்கு விஷயத்தில் அவர் கறார். கோயம்பேடு அங்காடி 1996-ல்தான் வந்தது. அதற்கு முன் எல்லாம் கொத்தவால் சாவடி. விசேஷத்துக்கு முந்தின நாள் யாராவது அங்கே போய் மூட்டையாக வாங்கி வருவார்கள். ஊட்டிக் கிழங்கு செம்மண் ஒட்டியபடி வரும். வடக்கிலிருந்து வரும் கிழங்கு குளிர்கிடங்கில் கிடந்து வருவதால் லேசாக இனிக்கும். குளிரில் கிழங்கின் மாவுச்சத்தில் ஒரு பகுதி சர்க்கரையாக மாறிவிடுகிறது என்பது காரணம். வறுத்தால் சட்டென்று கறுப்பதும் அதனால்தான். பெரியம்மாவுக்கு இந்தக் காரணம் தெரியாது. "இது தித்திக்குது, மசாலுக்கு ஆவாது" என்று நாக்கு நுனியில் கண்டுபிடித்து ஒதுக்கிவிடுவார். கிழங்கைத் தோலோடு வேகவைத்து, பிள்ளைகளான எங்களை வட்டமாக உட்கார வைத்துச் சூட்டோடு உரிக்கச் சொல்வார். கத்தி கூடாது, கையால்தான் உடைக்க வேண்டும். உடைத்த கிழங்கின் சொரசொரப்பான முகத்திலிருந்துதான் மாவு இறங்கும்.

தக்காளி, கிழங்கு முழுக்க வெந்து மசிகிற பதத்துக்கு வந்த பிறகுதான் உள்ளே போகும். புளிப்பு முதலில் சேர்ந்தால் கிழங்கின் செல்களை ஒட்டிப் பிடித்திருக்கும் பெக்டின் கரைய மறுக்கும். எவ்வளவு நேரம் கிடந்தாலும் துண்டு விறைப்பாகவே நிற்கும். தேங்காய் விழுது, முதல் பந்திக்கு எடுத்த பங்கில் மட்டும். குண்டானில் காத்திருக்கும் பங்குக்குப் பொட்டுக்கடலை அரைத்த விழுது. தேங்காய் சேர்ந்தது மெட்ராஸ் வெயிலில் சாயங்காலத்துக்குள் ஊசிவிடும் என்பதால் இந்தப் பிரிவினை. எந்தச் சமையல் புத்தகத்திலும் நான் இதைப் பார்த்ததில்லை. ஷிப்ட் பார்க்கும் ஆண்களுக்குச் சோறு போட்ட பெண்கள் தங்களுக்குள் சொல்லிச் சொல்லி உருவாக்கிய அறிவு அது.

இதுவரை சொன்னதை வைத்து அந்த நாட்களைப் பொற்காலமாக்கிவிட முடியும். பலர் அப்படித்தான் எழுதுகிறார்கள். ஆனால் அந்தக் குண்டான் தானாகக் காத்திருக்கவில்லை. அடிப்பிடிக்காமல் கிண்ட ஒரு ஆள் வேண்டும். சாறு வற்றினால் வெந்நீர் ஊற்ற வேண்டும். தூள் எரிந்து தீர்ந்தால் இரண்டாவது டின்னைப் பற்றவைக்க வேண்டும். பூனை வரும், பிள்ளைகள் ஓடிவந்து டின்னை இடித்துவிடுவார்கள். எனவே பெரியம்மா அடுப்படியை விட்டு நகர மாட்டார். கூடத்தில் வளையல் அடுக்கும்போதும், பாட்டுப் பாடும்போதும், போட்டோ எடுக்கும்போதும் அவர் அங்கே இல்லை. எங்கள் வீட்டு ஆல்பத்தைப் புரட்டினால் எழுபதுகளின் எந்த விசேஷப் படத்திலும் பெரியம்மா முகம் கிடையாது. கடைசி ஆள் கை கழுவிய பிறகு, அடியில் ஒட்டியிருக்கும் கிழங்கை வழித்து ஒரு கவளம் சோற்றோடு பிசைந்து, நின்றுகொண்டே வாயில் போட்டுக்கொள்வார்.

"நீயும் எங்களோட உக்காரு பெரிம்மா" என்று நான் கூப்பிட்டிருக்கிறேன்.

"உங்க சித்தப்பன் வரட்டும்டி. அதுக்குள்ள எனக்கென்ன அவசரம்?" என்பார்.

சித்தப்பா வந்தால் நைட் ஷிப்டுக்குக் கிளம்ப இன்னொருவர் இருப்பார். ஷிப்டுக்கு நேரம் உண்டு, சங்கு உண்டு, ஓ.டி.க்குக் காசு உண்டு. பெரியம்மா பார்த்த ஷிப்டுக்கு இவை எதுவும் கிடையாது.

பக்கத்தில் யாரும் இல்லாமல் தானாகக் காத்திருக்கும் பாத்திரம் வேண்டும் என்ற எண்ணம் உலகில் புதிதல்ல. 1910-ல் வங்காளத்தில் டாக்டர் இந்துமாதவ் மல்லிக், அடியில் கரித்தணலும் மேலே அடுக்கடுக்காகக் கிண்ணங்களும் கொண்ட இக்மிக் குக்கரை வடிவமைத்தார். வைத்துவிட்டு வேலைக்குப் போய்வந்தால் சாப்பாடு தயாராக இருக்கும். மின்சாரத்தில் ஓடும் மெதுவான குக்கருக்கு 1940-ல் அமெரிக்காவில் காப்புரிமை வாங்கியவர் இர்விங் நாக்ஸன். யூதர்கள் சபாத் நாளில் தீ மூட்டக்கூடாது. அதனால் லிதுவேனியாவில் அவருடைய அம்மாவின் ஊர்ப் பெண்கள் வெள்ளிக்கிழமை மாலையே இறைச்சியும் பயறும் கிழங்கும் சேர்த்த சட்டியை ரொட்டிக் கடைக்காரரின் ஆறும் அடுப்பில் வைத்துவிட்டு மறுநாள் எடுத்து வருவார்களாம். அம்மா சொன்ன அந்தக் கதையிலிருந்துதான் அவருக்கு யோசனை பிறந்தது. 1970-ல் ரைவல் என்ற நிறுவனம் அந்தக் குக்கரின் உரிமையை வாங்கி, மறுவருஷம் க்ராக்-பாட் என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அமெரிக்காவில் குடும்பப் பெண்கள் பெருவாரியாக வேலைக்குப் போகத் தொடங்கிய காலம் அது. காலையில் ஸ்விட்சைப் போட்டுவிட்டு ஆபீஸ் போய்வரலாம் என்பதே அதன் விளம்பரம், அதுவே அதன் வெற்றி.

இங்கே 1959-ல் பிரஷர் குக்கர் வந்தது. நம் வீடுகளுக்கு அது பெரிய வரம், மறுக்கவே முடியாது. கெரசின் க்யூவில் நின்றவர்களுக்கு ஐந்து விசிலில் வெந்த பருப்பு அதிசயமாகத்தான் இருந்தது. ஆனால் பிரஷர் குக்கர் சமைக்கும் நேரத்தைக் குறைத்ததே தவிர, காத்திருக்கும் நேரத்தை அதனால் ஒன்றும் செய்ய முடியவில்லை. செகண்ட் ஷிப்ட் ஆள் வரும்வரை யாராவது ஒருத்தி விழித்திருக்கத்தான் வேண்டியிருந்தது. மரத்தூள் போய் நூதன் ஸ்டவ் வந்தது, ஸ்டவ் போய் கேஸ் வந்தது, அடுப்படியில் ஒருத்தி நிற்பது மட்டும் மாறவில்லை. பெரியம்மா நின்ற இடத்தில் அம்மாவும், அப்புறம் நானும் நின்றோம்.

எங்கள் வீட்டுக்கு மெதுவான குக்கர் வந்தது என் தங்கை மகள் மூலமாக. கணவரின் வேலைக்காக அவள் சில வருஷம் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் இருந்தாள். அங்கே அவளுக்குக் குழந்தை பிறந்தபோது, பக்கத்து வீட்டு மார்மன் அம்மாள் ஒரு பெரிய பாத்திரம் நிறைய சீஸ் போட்ட உருளைக்கிழங்கைச் சுடச்சுடக் கொண்டுவந்து வைத்திருக்கிறார். துருவிய கிழங்கு, டின்னில் வரும் க்ரீம் சூப், புளித்த க்ரீம், செடார் சீஸ், மேலே வெண்ணெயில் புரட்டிய கார்ன்ஃபிளேக்ஸ். அந்த ஊரில் துக்க வீடுகளுக்குத் தவறாமல் போகும் பண்டம் அது. மார்மன் சபையின் பெண்கள் சங்கம் அடக்கம் முடிந்து வருகிறவர்களுக்கு விருந்து வைக்கும்போது இதுதான் பிரதானம். 2002-ல் சால்ட் லேக் சிட்டியில் குளிர்கால ஒலிம்பிக்ஸ் நடந்தபோது இந்த உணவின் உருவம் பொறித்த நினைவுச் சட்டை ஊசிகூட விற்றார்கள். துக்க வீட்டுக்கும் பிள்ளை பெற்ற வீட்டுக்கும் ஒரே பண்டம் ஏன் போகிறது என்று தங்கை மகள் யோசித்திருக்கிறாள். இரண்டு வீட்டிலும் யார் எப்போது வருவார்கள் என்று தெரியாது. சமைத்தவர் கூடவே இருந்து பரிமாறவும் முடியாது. சூடு தாங்கி, பதம் கெடாமல் கிடக்கிற ஒன்றுதான் அங்கே போக முடியும். அவள் போனில் இதைச் சொன்னபோது எனக்கு உடனே குண்டான்தான் ஞாபகம் வந்தது.

சில வீடுகளில் திவசச் சமையலில் உருளைக்கிழங்கைச் சேர்க்கவே மாட்டார்கள், வெளிநாட்டிலிருந்து வந்த காய் என்று. எங்கள் வீட்டில் பதினாறாம் நாள் காரியத்துக்கும் கிழங்கு உண்டு. பெரியப்பா காரியத்தன்றும் ஷிப்ட் முடிந்து வந்தவர்களுக்கு அதுதான் கிடைத்தது.

ஊர் திரும்பும்போது அவள் அந்தக் குக்கரைப் பெட்டியில் வைத்துத் தூக்கிவந்தாள். உள்ளே கனமான பீங்கான் சட்டி, சுற்றிச் சூடேறும் கம்பி, மேலே கண்ணாடி மூடி. அமெரிக்க மின்சாரம் 120 வோல்ட், நமக்கு 230. ரிச்சி தெருவில் போய் வோல்டேஜைக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று வாங்கி வந்தோம். குக்கரைவிட அது கனம். லோ, ஹை என்று இரண்டு நிலைகள் இருக்கின்றன. லோ என்றால் குறைந்த சூட்டிலேயே நிற்கும் என்று நான் எண்ணியிருந்ததற்கு மாறாக, இரண்டுமே கடைசியில் கொதிநிலைக்குச் சற்றுக் கீழே வந்து நிற்கின்றன. போய்ச்சேரும் வேகம்தான் வேறு. வெந்த பிறகு வைக்க வார்ம் என்ற மூன்றாவது நிலை உண்டு. வெந்த உணவை 60 டிகிரிக்கு மேலேயே வைத்திருந்தால் கிருமிகள் பெருகாது. பெரியம்மாவின் மூன்று செங்கல் உயரங்களும் ஒரு திருகில் அடங்கிவிட்டன. சுமார் 250 வாட் இழுக்கும் குக்கர் ஆறு மணி நேரம் ஓடினால் ஒன்றரை யூனிட். வீட்டு மின்சாரத்தில் ஒரு பங்கு இலவசமாகக் கிடைக்கும் ஊரில் இது பெரிய செலவில்லை.

செய்முறையை அப்படியே இறக்குமதி செய்ய எங்களுக்கு மனமில்லை. டின் சூப்புக்குப் பதில், அம்பத்தூர் பால்பண்ணை ஆவின் பச்சைப் பாக்கெட் பாலில் மைதாவும் வெண்ணெயும் சேர்த்துக் கெட்டியாகக் காய்ச்சிய வெள்ளைக் குழம்பு. புளித்த க்ரீமுக்குப் பதில் துணியில் கட்டித் தொங்கவிட்ட தயிர். அதையும் கிழங்கு வெந்த பிறகுதான் சேர்ப்போம், தக்காளிக்குச் சொன்ன அதே காரணம்தான். கிழங்கை முக்கால் பதம் வேகவைத்து, ஆறவைத்து, பெரிய துருவலில் துருவுகிறோம். பச்சையாகத் துருவினால் கறுத்துப்போகிறது. இஞ்சி, பச்சைமிளகாய், நுணுக்கிய மிளகு, சோம்பு. கார்ன்ஃபிளேக்ஸ் இருந்த இடத்தில் பரிமாறும்போது தூவும் ஓமப்பொடி. மூடியிலிருந்து நீர் சொட்டும் என்பதால் கடைசி அரைமணி நேரம் மூடிக்கு அடியில் ஒரு வெள்ளைத் துணியை விரித்துவிட வேண்டும்.

சீஸ் பற்றி மட்டும் கொஞ்சம் வாதாட வேண்டும். நல்ல சமையல் தெரிந்தவர்கள் நம் ஊர்க் கட்டி சீஸை மட்டமாகப் பேசுவதை நான் கேட்டிருக்கிறேன். பதப்படுத்தியது, அசல் இல்லை என்பார்கள். ஆனால் இந்தச் சமையலுக்கு அதுதான் பொருத்தம். அசல் செடாரை மணிக்கணக்கில் சூட்டில் வைத்தால் புரதம் சுருங்கி, எண்ணெய் பிரிந்து மேலே மிதக்கும். பதப்படுத்திய சீஸில் சிட்ரேட், பாஸ்பேட் உப்புகள் சேர்ந்திருக்கின்றன. அவை பால்புரதத்திலிருந்து சுண்ணாம்புச் சத்தை இழுத்துக்கொண்டு, கொழுப்பும் நீரும் பிரியாமல் பிடித்துவைக்கும். 1911-ல் ஸ்விட்சர்லாந்தில் வால்டர் கெர்பரும் ஃபிரிட்ஸ் ஸ்டெட்லரும் இந்த முறையைக் கண்டுபிடித்ததே, வெப்ப நாடுகளுக்கு அனுப்பும் சீஸ் கெடாமல் இருக்கத்தான். மெட்ராஸ் வெயிலை மனதில் வைத்துச் செய்தது போலவே இருக்கிறது. ராத்திரி பதினோரு மணிக்கு வருகிறவருக்கும் அது பிரியாமல் குழைந்தே கிடைக்கிறது.

முதன்முதலில் இதைப் பெரிய அளவில் செய்தது என் மருமகளின் வளைகாப்புக்கு. அம்பத்தூர் 2011-ல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தாயிற்று, ஆவடி 2019-ல் தனி மாநகராட்சியே ஆயிற்று, ஆனால் ஷிப்ட் போகவில்லை. அத்தை பேத்தி ஸ்ரீபெரும்புதூரில் செல்போன் செய்யும் ஆலையில் இருக்கிறாள். கம்பெனி பஸ் அவளை விடிகாலையில்தான் இறக்கிவிடும். சித்தப்பா மகனின் பையனுக்கு ராமாபுரத்தில் அமெரிக்க நேரத்துக்கு வேலை. ஒரு மருமகள் நர்ஸ், ஒருவன் வாடகைக் கார் ஓட்டுகிறான். பூந்தமல்லியிலிருந்து கிளம்பியவர்கள் மெட்ரோ வேலை நடக்கும் நெடுஞ்சாலையில் மாட்டி, வளையல் அடுக்கி முடிந்த பிறகுதான் வந்தார்கள். ஐம்பது வருஷத்துக்கு முன் சைக்கிளில் வந்த அதே கூட்டம், அதே நேரக் கணக்கில்தான் வந்துகொண்டிருந்தது. முன்பு ஆண்கள் மட்டும் ஷிப்டிலிருந்து வந்தார்கள், இப்போது பெண்களும் வருகிறார்கள் என்பதுதான் வித்தியாசம்.

குக்கர் கூடத்து ஓரம் ஒரு ஸ்டூலில் இருந்தது. வந்தவர்கள் தாங்களே மூடியைத் திறந்து போட்டுக்கொண்டார்கள். எண்பது தாண்டிய பெரியம்மா பழக்கத்தில் அடுப்படிக்குப் போய் நின்றார். அங்கே அவர் பார்க்க ஒன்றும் இல்லை. தங்கை மகள் கையைப் பிடித்து அழைத்துவந்து முதல் பந்தியில், கர்ப்பிணிக்குப் பக்கத்தில் உட்காரவைத்தாள்.

"கிழங்க யாரு பாத்துக்கறது?" என்றார்.

"அது தானா பாத்துக்கும் ஆயா. நீ சாப்டு."

அவருக்கு நம்பிக்கை வரவில்லை. இரண்டு தடவை எழப் பார்த்தார். பிறகு சாப்பிட்டார். சீஸ் வாடை சோப்பு மாதிரி இருப்பதாகச் சொன்னார், உப்பு ஒரு கல் குறைவு என்றார், இரண்டாவது முறை கேட்டு வாங்கிக்கொண்டார். அன்றைய போட்டோக்களில் எல்லாவற்றிலும் இருக்கிறார். அத்தனை படங்களிலும் வாயில் ஏதாவது மென்றுகொண்டிருக்கிறார். எங்கள் குடும்பத்தில் எனக்கு மிகப் பிடித்த படங்கள் அவைதான்.

இதை எல்லாரும் ஒப்புக்கொள்ளவில்லை. கைப்பக்குவம் போய்விட்டது, பாத்திரத்தின் முன்னால் ஒருத்தி நின்றால்தான் ருசி ஏறும் என்று ஒரு மாமா என்னிடம் வருத்தத்தோடு சொன்னார். கைப்பக்குவம் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். எந்தக் கிழங்கு தித்திக்கிறது என்று கண்டுபிடிப்பதில், புளிப்பை எப்போது சேர்ப்பது என்பதில், தேங்காயை எந்தப் பங்கில் சேர்ப்பது என்பதில் இருக்கிறது. அவ்வளவும் எங்களிடம் பத்திரமாக இருக்கிறது. போனது ஒருத்தியின் கால்வலியும் தூக்கமும் பசியும்தான். அது ருசிக்குத் தேவை என்று நான் ஒருக்காலும் ஒப்ப மாட்டேன்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் தொழிற்பேட்டைக்குள்ளேயே வெள்ளம் நின்றது. கொரட்டூரில் தாழ்வான தெருக்களில் இருந்த உறவினர்கள் எங்கள் மாடிக்கு வந்துவிட்டார்கள். கரண்ட் இல்லை, குக்கர் மூலையில் சும்மா கிடந்தது. கேஸ் அடுப்பில் பெரிய பாத்திரத்தில் ஷிப்ட் கிழங்கைப் பழைய முறையிலேயே வைத்தோம். தண்ணீரில் நடந்து நேரம் கெட்ட நேரத்தில் வந்துகொண்டே இருந்தவர்களுக்காக, நானும் தங்கையும் மாற்றி மாற்றி விழித்திருந்தோம். அந்த இரவுகளில் பெரியம்மா எத்தனை வருஷம் இப்படி நின்றார் என்பதை என் உடம்பு கணக்குப் போட்டது. கரண்ட் வந்த அன்று தங்கை முதலில் சொருகியது குக்கரைத்தான், ஃபிரிட்ஜை அல்ல.

இன்னும் சரியாகாத ஒன்று உண்டு. காத்திருக்கும் வேலையை மின்சாரம் எடுத்துக்கொண்டது. உரிக்கிற, துருவுகிற, கடைசியில் அந்தக் கனத்த பீங்கான் சட்டியை ஊறவைத்துத் தேய்க்கிற வேலைகள் எங்கள் கையிலேயே இருக்கின்றன. வருகிற காணும் பொங்கலுக்குப் பேரன் பேத்திகள் எல்லாரும் ஆவடியில் கூடுகிறார்கள். இரண்டு குக்கர், ஒன்றில் சீஸ், ஒன்றில் பெரியம்மாவின் பொட்டுக்கடலை மசால். யார் எந்த ஷிப்டில் இருக்கிறார்கள், எத்தனை மணிக்கு வருவார்கள் என்று தங்கை மகள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு பட்டியல் போட்டிருக்கிறாள். அதற்குக் கீழேயே, கிழங்கு உரிக்க, துருவ, சட்டி கழுவ என்று மூன்று வரி சேர்த்து, ஆண்கள் மட்டும் பேர் கொடுக்கவும் என்று எழுதியிருக்கிறாள். உரிக்க நான்கு பேர் பேர் கொடுத்துவிட்டார்கள், துருவ ராமாபுரத்துப் பையன் வருகிறான். சட்டி கழுவும் வரி இன்னும் காலியாக இருக்கிறது. நாளைக்குள் யாரும் எழுதாவிட்டால் அந்த மாமாவின் பெயரை நானே எழுதிவிடுவதாக அவளிடம் சொல்லியிருக்கிறேன்.